பல் டாக்டருக்கு ஏற்ற பிக்

கிட்டார் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தது. மேலே இருந்த விளக்கு அதன் வட்ட வாய்க்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சிக்கொண்டிருக்க, டாக்டர் ஒரு கையில் குட்டிக் கண்ணாடியும் மறு கையில் இடுக்கியுமாகக் குனிந்து உள்ளே துழாவிக்கொண்டிருந்தார்.

"தெரியுதா டாக்டர்?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"உள்பக்கமா ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. நாற்காலியைக் கொஞ்சம் சாய்ங்க. இன்னும் கொஞ்சம்."

நர்ஸம்மா நாற்காலியைச் சாய்த்தார். இத்தனை வருஷப் பழக்கம். கை தானாகவே போய்க் கிட்டாரின் கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டையும் கட்டிவிட்டது.

சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வக்கீல் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை. புதுப் பல் கட்டுவதற்கு அளவு கொடுக்க வந்திருந்தார்.

"டாக்டர், இவங்களுக்கு முடிஞ்சதும் நான் உக்காரலாமா?" என்றார். பேச்சோடு சேர்ந்து சன்னமாக ஒரு விசிலும் வந்தது.

"இதோ ஆச்சு சார். பிக் உள்ள விழுந்துடுச்சு. கம்பியை மீட்டற சின்னத் துண்டு. வாசிக்க வாசிக்க வேர்த்து வழுக்கிடுது."

"மரத்துப்போக ஊசி போட்டீங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிக்க நேரமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

இந்த வம்பெல்லாம் மகளின் ஒரு போனில் ஆரம்பித்தது. மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சரி என்றும் சொல்லியாகிவிட்டது. பெரியவர்கள் நேரில் சந்திப்பதுதான் பாக்கி.

"அப்பா, அவங்க அப்பா கிட்டார் வாசிப்பாராம்," என்றாள் மகள்.

"அடடே, நல்லதாப் போச்சு. கேட்டா சந்தோஷமா இருக்கும்."

"நான் எங்க அப்பாவும் வாசிப்பார்னு சொல்லிட்டேன்."

டாக்டர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"அப்பா பல் டாக்டர்னு சொன்னதும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்கப்பா. யாருமே பேசல. கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டுமேன்னு சொன்னேன். இப்போ ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கணும்னு முடிவாயிடுச்சு."

டாக்டரின் மனைவி ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொன்னார். "போன் பண்ணி, தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"அப்போ நம்ம பொண்ணு பொய் சொன்னான்னு ஆகும். போற வீட்டுல முதல் பேச்சே பொய்யா?"

"அதுக்காக?"

"கத்துக்கறேன். பல்லு பிடுங்கற கைக்கு இது ஒரு பெரிய காரியமா?"

கிட்டார் வாங்கினார். போனில் பாடம் பார்த்தார். இடது கை விரல்கள் கொப்புளித்து, தோல் உரிந்து, ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கத் தொடங்கின. கிட்டார் பிடிக்கிற எல்லாருக்கும் முதலில் சொல்லித்தரும் அந்தக் குழந்தைப் பாட்டு அவருக்கு வந்துவிட்டது. வலது கைதான் வம்பு செய்தது. சத்தம் மனதில் ஒன்றாகவும் காதில் வேறாகவும் விழுந்தது.

"காத்தாடி இறக்கையில காகிதம் மாட்டின மாதிரி இருக்கு," என்றார் மனைவி, சமையலறையிலிருந்தே.

டாக்டர் பிக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மெல்லிசாக, ஊதினால் வளையும்போல இருந்தது. கம்பியில் பட்டதும் 'சடசட'வென்று தானும் சேர்ந்து பாடியது. அவருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. குறை தன்னிடம் இல்லை.

இசைக் கருவிக் கடைக்காரர் எதற்கும் அசராத மனிதர். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

"மெல்லிசு கொஞ்சும் சார். கனமானது அதட்டும். உங்களுக்குக் கொஞ்சணுமா, அதட்டணுமா?"

"கம்பீரமா இருக்கணும். சம்பந்தி வர்றார்."

"அப்போ அதட்டிடுங்க," என்று சொல்லி, கூழாங்கல் போலக் கனமான ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் வாசிக்க மனைவி தடை போட்டிருந்தார். அதனால் மதிய இடைவேளையில் கிளினிக்கில் வைத்து அதட்டிப் பார்த்தார் டாக்டர். கனமான பிக் வளைந்து கொடுக்கவில்லை. அது ஒவ்வொரு கம்பியிலும் போய் முட்டி நின்றது. டாக்டர் பிடியை இறுக்கி, பல் பிடுங்கும் தெம்போடு ஒரு இழு இழுத்தார். 'டர்ர்ர்ர்' என்று ஒரு உறுமல், அடுத்து 'டிங்' என்று கம்பி அறுந்த சத்தம், அதற்கடுத்து "ஐயோ" என்று டாக்டரின் குரல். அறுந்த கம்பி விரலில் சுருக்கென்று அடித்துவிட்டது.

நர்ஸம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். "டாக்டர், வெளியில நாலு பேர் உக்காந்திருந்தாங்க."

"வரச் சொல்லுங்க."

"போயிட்டாங்க. உள்ள மெஷின் வச்சு யாருக்கோ ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் வலியே போயிடுச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்னார்."

மறுபடி கடை. இந்தத் தடவை கம்பளித் துணியில் செய்த பிக். அது சத்தத்தைப் போர்வை போர்த்திப் படுக்கவைத்தது. டாக்டர் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் யாரோ பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோலவே கேட்டது. ஆளைத் துரத்தவில்லையே என்று நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது, மருந்து கலக்கிக்கொண்டிருந்த நர்ஸம்மா நின்றபடியே கண்ணயர்ந்திருந்தார். கையிலிருந்த கலவை கல்லாக இறுகிப்போயிருந்தது.

அப்புறம் முக்கோணமாக ஒன்று. அது பிடிக்க வசதி, ஆனால் கம்பிக்குக் கம்பி தடுக்கியது. ஊசி முனையோடு ஒன்று. அது அத்தனை வேகமாக ஓடியது, டாக்டரின் கைதான் பின்னாலேயே வந்தது. வழுக்காமல் இருக்க ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தார். பிடி கிடைத்தது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு, அடுத்து வாயைத் திறக்கச் சொல்லப்போகிறார் என்றே தோன்றியது.

சனிக்கிழமை காலையில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

"நர்ஸம்மா, நம்ம பல் செட்டு செய்யற அக்ரிலிக் எவ்வளவு இருக்கு?"

"வக்கீல் சாருக்குச் செஞ்சது போக மிச்சம் இருக்கு டாக்டர். ஏன்?"

"பிக் கடையில கிடைக்காது. என் கைக்கு ஏத்த மாதிரி நானே செஞ்சாத்தான் உண்டு."

இதில் அவரை அடிக்க ஆளில்லை. ஈறுக்கு வைக்கும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை வார்த்தார், அறுத்தார், தன் கட்டைவிரல் பதியும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் வைத்தார், ஓரத்தை உருட்டினார், சக்கரத்தில் பிடித்துப் பளபளவென்று தேய்த்தார். மெல்லிசும் இல்லை, கனமும் இல்லை. ஒரு தடவை மீட்டினார். கம்பி மணி மாதிரி பேசியது. நர்ஸம்மா விழித்திருந்தார். வெளியே யாரும் எழுந்து ஓடவில்லை.

டாக்டர் பிக்கைக் கழுவித் துடைத்து, பல் வைத்துக் கொடுக்கும் சின்ன நீல டப்பா ஒன்றில் பத்திரமாக வைத்தார். மேஜையில் அதே மாதிரி இன்னொரு நீல டப்பாவும் இருந்தது.

சாயங்காலம் வக்கீல் வந்தபோது அறை நிறையக் கூட்டம். நர்ஸம்மா ஒரு டப்பாவை அவர் கையில் கொடுத்து, "நாளைக்கு வீட்டுல மெதுவாப் போட்டுப் பாருங்க சார், இறுக்கமா இருந்தா திங்கட்கிழமை வாங்க," என்று அனுப்பிவைத்தார். இன்னொரு டப்பாவை டாக்டர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். சம்பந்தி கட்டடப் பொறியாளர். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம், தடித்த மீசை, முதுகில் தோல் உறை போட்ட கிட்டார். அவருடைய மனைவி சிரித்த முகக்காரி. வந்ததும் டாக்டரின் மனைவியோடு சமையலறைக்குள் போய்விட்டார். மகளும் மாப்பிள்ளைப் பையனும் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு அப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்தது. தப்பிக்க வழியில்லை. சம்பந்தி கிட்டாரை வெளியே எடுத்தார். அத்தோடு ஒரு தகர டப்பாவையும் எடுத்து மேஜையில் வைத்துத் திறந்தார்.

டப்பா நிறையப் பிக். சிவப்பு, பச்சை, ஆமை ஓட்டு நிறம், உலோகம், மரம், தோல். டாக்டர் இசைக் கருவிக் கடையில்கூட அத்தனை வகை பார்த்ததில்லை.

"இத்தனையுமா சம்பந்தி?"

"என்ன பண்றது சம்பந்தி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குரல் இருக்கு. ஆனா எதுவுமே மனசுல கேக்கற குரல் இல்ல." சம்பந்தி பெருமூச்சு விட்டார். "நீங்க எதுல வாசிக்கறீங்க?"

இவ்வளவு ஆழமாக யோசிக்கிற மனிதர் முன்னால் வாசிக்கப்போகிறோமே என்று டாக்டருக்கு வேர்த்தது. "நான் என் கைக்குத் தகுந்த மாதிரி நானே செஞ்சுக்கிட்டேன்," என்றார் மெதுவாக.

சம்பந்தியின் மீசை சற்று இறங்கியது. "நீங்களே செஞ்சதா?"

டாக்டர் நீல டப்பாவைத் திறந்தார்.

உள்ளே இளஞ்சிவப்புத் தகட்டில், பளிச்சென்று, ஒரு முன்பல் உட்கார்ந்திருந்தது.

டாக்டர் டப்பாவை மூடினார். மறுபடி திறந்தார். பல் அங்கேயேதான் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது.

"டாக்டர்," என்றது வக்கீலின் விசில், "சிவப்பா ஒரு துண்டு குடுத்திருக்கீங்க. மேல வச்சாலும் நிக்கல, கீழ வச்சாலும் நிக்கல. இதுல பல்லு எங்க?"

"சார், அதை வாய்ல வைக்காதீங்க."

"காலையிலேருந்து வாய்லதான் இருக்கு. நாளைக்குக் கோர்ட்டு எனக்கு. நான் இப்பவே உங்க வீட்டுக்கு வரேன்."

போனை வைத்தபோது எல்லாரும் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியின் டப்பாவிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கலாம். ஆனால் தானே செய்தது என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. மகள் வேறு பெருமையாகப் பையனின் முழங்கையை இடித்துக்கொண்டிருந்தாள். பல் இன்னும் யார் வாய்க்கும் போகாத புதுப் பல். டாக்டர் தகட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தார். பல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அது பல் மாதிரி இருக்கே," என்றார் சம்பந்தி.

"பல்லேதான். கம்பியைக் கடிச்சுப் பிடிக்கும்."

சம்பந்தி தன் தகர டப்பாவை மெல்ல மூடி மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"ஆரம்பிங்க சம்பந்தி," என்றார் டாக்டர்.

"ஐயோ, நீங்க ஆரம்பிங்க. உங்க வீடு."

"நீங்க விருந்தாளி."

"நீங்க பெரியவர்."

"எளிமையா ஆரம்பிப்போமே," என்று டாக்டர் தனக்குத் தெரிந்த அந்த ஒரே குழந்தைப் பாட்டின் பெயரை, ஏதோ விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

சம்பந்தியின் முகம் மலர்ந்தது. "நானும் அதையேதான் நினைச்சேன்."

என்ன அடக்கம், என்று டாக்டர் உருகினார்.

வாசித்தார்கள். பல் வேலை செய்தது. கம்பியில் பட்டு, பிசகாமல் நழுவி, அடுத்த கம்பிக்குப் போனது. தகடு பெரிதாக இருந்ததால் விரலில் வழுக்கவில்லை. இத்தனை நாள் அவர் மனதில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் கூடத்தில் கேட்டது. சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு, அங்கங்கே நின்று, டாக்டரை முன்னால் போகவிட்டுப் பின்தொடர்ந்தார். எனக்காகத்தான் வேகத்தைக் குறைக்கிறார் என்று புரிந்துகொண்ட டாக்டருக்குக் கண் கலங்கியது.

மகளும் பையனும் கை தட்டினார்கள். டாக்டர் பயத்தோடு கேட்டார். "அடுத்தது என்ன வாசிக்கலாம்?"

"அடுத்தது எதுக்கு சம்பந்தி? ஒரு பாட்டை எடுத்தா அதோட அடி ஆழம் வரைக்கும் போகணும். இதையே இன்னொரு தடவை வாசிப்போம்."

டாக்டருக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. இன்னொரு தடவை வாசித்தார்கள். அப்புறம் ஆழம் போதவில்லை என்று மூன்றாம் தடவையும் இறங்கினார்கள். பாதி ஆழத்தில் இருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

வக்கீல் கைக்குட்டையால் வாயை மூடியபடி உள்ளே வந்தார். டாக்டரின் கையைப் பார்த்தார். கைக்குட்டை கீழே இறங்கியது.

"டாக்டர், அது என் பல்லு."

சம்பந்தியின் கை கம்பியிலேயே நின்றது.

"உறுதி பாத்துக்கிட்டு இருந்தேன் சார்," என்றார் டாக்டர். வேறெதுவும் வாயில் வரவில்லை.

வக்கீலை உள்ளே கூட்டிப்போய், பல்லை மருந்தில் ஊறவைத்துக் கழுவி, சாப்பாட்டு நாற்காலியில் உட்காரவைத்துப் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. வக்கீல் கண்ணாடியில் பார்த்து, விசில் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசி, அது தன் குரல்தானா என்று இன்னொரு வாக்கியமும் பேசினார். பிறகு சட்டைப் பையிலிருந்து இளஞ்சிவப்புத் துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"நல்லா வாசிச்சீங்க. வாசல்லயே நின்னு கேட்டேன். ஆனா கேஸ் போடற அளவுக்கு இதுல விஷயம் இருக்கு," என்று புதுப் பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனார்.

டாக்டர் தான் செய்த அந்தப் பிக்கைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து கூடத்துக்கு வந்தார். எல்லாம் முடிந்தது, மானம் கப்பலேறியது என்று நினைத்தார். சம்பந்தி எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, வாழ்க்கையில இப்படி ஒருத்தரை நான் பாத்ததில்ல. கையில எது கிடைச்சாலும் வாசிக்கறீங்க. அந்தச் சிவப்புத் துண்டை எனக்குத் தர முடியுமா?"

டாக்டர் அந்தத் துண்டைக் கொதிநீரில் போட்டெடுத்துத் துடைத்து, பரிசுபோல இரண்டு கையாலும் கொடுத்தார். சம்பந்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மகள் அப்பாவின் தோளில் சாய்ந்து, "தேங்க்ஸ்பா," என்றாள். அதற்காக இன்னும் எத்தனை கம்பி அறுந்தாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

கிளம்பும் நேரம். சம்பந்தி கிட்டாரைக் காரில் வைக்கப் போயிருந்தார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவியிடம் டாக்டர் மனம்விட்டுப் பேசினார்.

"உண்மையைச் சொல்லணும்மா. சம்பந்தி தரம் எங்க, என் தரம் எங்க. எனக்காகத்தான் சின்னப் பாட்டா எடுத்து, அதையே திரும்பத் திரும்ப வாசிச்சார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன்."

அந்த அம்மாள் கார் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அப்பா கிட்டார் வச்சிருக்கார்னு மட்டும்தான் எங்க பையன் சொன்னான் டாக்டர். நீங்க வாசிப்பீங்கன்னு உங்க பொண்ணு சொன்ன அன்னைக்குத்தான் இவர் அதைச் சுவத்துல இருந்து கழட்டினார்."